பின்னட்டையில் ஒரு வெற்றிடம்

என் முதல் புத்தகத்தைச் சொந்தக் காசில் அச்சடிக்க நல்லூரில் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். இறந்தவர்களுக்கான அந்தியேட்டிச் சடங்கின் நினைவு மலர்கள்தான் அங்கே அதிகம் அச்சாகும்.

"படமும் பிறந்த திகதியும் தாங்கோ அண்ணை. அட்டையை நான் பாக்கிறன்," என்றார் உரிமையாளர்.

உள்பக்கங்களை மூன்று முறை சரிபார்த்த நான், அட்டையைக் கேட்டுப் பார்க்கவில்லை.

வெளியீட்டுக்கு முதல்நாள் வீட்டில் புத்தகக் கட்டைப் பிரித்தோம். பின்னட்டையில் என் படம், அதன் கீழே குத்துவிளக்கு. 'தோற்றம்' என்பதற்கு எதிரே என் பிறந்த திகதி. 'மறைவு' என்பதற்கு எதிரே ஒன்றுமில்லை.

"உதை வீட்டுக்குள்ள வைக்காதேங்கோ," என்றாள் மனைவி.

"பழக்கதோசம் அண்ணை. மேல ஸ்டிக்கர் ஒட்டித் தாறன்," என்றார் உரிமையாளர், போனில்.

ஒட்டித்தான் வெளியிட்டோம். ஒட்டாத பிரதி ஒன்றை மனைவிக்குத் தெரியாமல் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். நாட்குறிப்பில் ஒரு நாளையும் நான் எழுதாமல் விட்டதில்லை. 'மறைவு'க்கு எதிரே உள்ள அந்த இடத்தை நிரப்பப்போவது நான் இல்லை.