மூன்றாவது பிஸ்டன்

பட்டறைக்கு வண்டி கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் "எப்ப ரெடியாகும்?" என்றுதான் கேட்பார்கள். பல்செட்காரர் ஒருத்தர்தான் "ஏன் அப்படி ஆச்சு?" என்று கேட்பார். அதனால் பட்டறையில் அவருக்கு 'ஏன் சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஒருநாள் அது அவர் காதிலும் விழுந்தது. "ஏன் மேஸ்திரி அப்படிக் கூப்பிடறாங்க?" என்று என்னிடமே வந்து கேட்டார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் அவருடைய தொழிலிடம். சுவர் முழுக்கத் தட்டு, தட்டு முழுக்க பிளாஸ்டர் தாடைகள். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் பல் கட்டி அனுப்புவார். முப்பது வருடமாக இதே வேலை. இவர் கட்டிய பல்லால் மென்றுகொண்டிருப்பவர்களில் ஒருத்தர் முகம்கூட இவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு தாடையைக் கையில் எடுத்தால், "இவரு இடது பக்கமாவே மெல்றவரு. தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறாரு" என்பார். இவருக்கே மேல்வரிசையில் ஒரு பல் கிடையாது. கேட்டால், "நமக்கு யாரு அளவெடுக்கிறது?" என்று சிரிப்பார். அந்த ஓட்டை வழியாகத்தான் பாதிச் சிரிப்பு வரும்.

அவர் வைத்திருக்கும் கார் அவரைவிட நாலு வயது மூத்தது. வாரம் ஒருதரம் அதில்தான் மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் பல் பெட்டி போகும். பற்களை முதலில் மெழுகில்தான் நட்டுப் பார்ப்பார்களாம். குலுங்கினால் வரிசை கலைந்துவிடும். அதற்காக அவர் மனைவியும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கூடவே போவார். கடைசி வளைவில் கார் மூச்சு வாங்கி நின்றுவிடும். அந்த அக்கா இறங்கித் தள்ளுவார்.

போன மாதம் அக்கா அவரையும் இழுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, சொல்லிட்டேன். இன்னொரு தடவை அந்த வளைவுல நான் இறங்கித் தள்ளினேன்னா, பள்ளத்துப் பக்கமாத்தான் தள்ளுவேன்."

"உள்ளே நான் இருப்பேனே," என்றார் இவர்.

"முன்னாடியே இறங்கிக்கங்க. பெட்டியையும் எடுத்துக்கங்க."

பழைய இரும்பு எடுப்பவனிடம் அக்கா பேசியே முடித்துவிட்டாராம். மாதக் கடைசிக்குள் கார் நிற்காமல் மலை ஏற வேண்டும். இல்லையென்றால் ஒன்றாம் தேதி அவன் வந்து இழுத்துக்கொண்டு போவான். அக்கா சொன்னால் சொன்னதுதான். இவர் முகம் சுண்டிப்போயிற்று.

எஞ்சினில் கோளாறு ஒன்றும் இல்லை. பிறப்பிலேயே அது அப்படித்தான். சிலிண்டருக்குள் வருகிற பெட்ரோல் கலந்த காற்றை ஏழில் ஒரு பங்காகத்தான் நெருக்கும். அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு அதுவே அதிகம். இன்றைய பெட்ரோலை இன்னும் இறுக்கி நெருக்கலாம், இறுக்கினால் இழுவை கூடும். எஞ்சினுக்கு மூடி மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும் ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவிக் குறைத்தால் போதும்.

"எவ்வளவு சீவணும்?"

"ரெண்டு மில்லி."

"ஏன் ரெண்டு?"

"எப்பவும் அவ்வளவுதான் சார் எடுப்போம்."

"எப்பவும் ஏன் அவ்வளவு?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் பயமும் நியாயம்தான். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இந்த எஞ்சினுக்கு இன்னொரு ஹெட் எந்தக் கடையிலும் கிடையாது.

மறுநாள் ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்சோடு வந்தார். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, பெட்ரோல் எரிகிற குழிமேல் ஓட்டை போட்ட கண்ணாடியை கிரீஸ் தடவி ஒட்டி, எவ்வளவு பிடிக்கிறது என்று சாயத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நாலு குழியும் இம்மி பிசகாமல் ஒரே அளவு. அப்புறம் தாளில் என்னென்னவோ பெருக்கி, வகுத்து, "ஒண்ணே முக்கால் மில்லி. ஏழுல ஒரு பங்கா நெருக்கறது எட்டே கால்ல ஒரு பங்கா ஆயிடும்" என்றார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அவர் தாளை நீட்டி விளக்கியபோது, இருபத்தைந்து வருடமாக நான் கண்ணை மூடிக்கொண்டு சீவியது புரிந்தது. ஒன்றே முக்காலே சீவினேன்.

ஹெட் கீழே இறங்கினால் அதில் இருக்கும் வால்வுகளும் பிஸ்டனுக்குக் கிட்டே வரும். இடிக்குமா என்று பார்க்க வேண்டும். நான் களிமண் தேடினேன். அவர் பையிலிருந்து ரோஸ் நிற மெழுகுத் தகடுகளை எடுத்தார். பல்செட்டுக்குப் போடுவது. வெந்நீரில் வாட்டிப் பிஸ்டன்மேல் படியவைத்தோம். ஹெட்டை ஏற்றி முடுக்கி, எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி, மறுபடி கழற்றினோம். முதல் பிஸ்டனில் வால்வு பதிந்த இடத்தில் இரண்டு மில்லி மெழுகு மிச்சம் நின்றது.

"தாராளமா இருக்கு. மூடிடலாம்," என்றேன்.

"மத்த மூணு?"

"ஒண்ணைப் பார்த்தா நாலையும் பார்த்த மாதிரிதான் சார்."

"ஒரு பல்லைப் பார்த்துட்டு வாயை மூடச் சொன்னா நான் பொழைப்பு நடத்த முடியுமா மேஸ்திரி?"

முணுமுணுத்துக்கொண்டே மற்ற மூன்றுக்கும் மெழுகு வைத்தேன். இரண்டாவது, நாலாவது இரண்டும் சரி. மூன்றாவதின் மெழுகை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வால்வு கடித்த இடம் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து, அதன் வழியே அவர் விரல் தெரிந்தது. அப்படியே மூடி ஓட்டியிருந்தால், சூடேறி வேகம் பிடிக்கும்போது வால்வு பிஸ்டனை இடித்திருக்கும். எஞ்சின் அன்றோடு சரி. இரும்புக்காரன் ஒன்றாம் தேதிவரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

"ஏன் மூணாவது மட்டும்?" என்று ஆரம்பித்தார். வால்வு வளைந்திருக்குமா என்று பார்த்தார், வளையவில்லை. ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்கு ஏற்றி, சிலிண்டரின் மேல் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். மூன்று பிஸ்டன்கள் உள்வாங்கி நின்றன. மூன்றாவது மட்டும் ஒன்றரை மில்லி உயர்ந்து நின்றது. "ஒரே எஞ்சின், ஒரே கம்பெனி. இது மட்டும் எப்படி வளர்ந்துச்சு?" என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் முன்னால் இந்தப் பிஸ்டன் விரிசல் விட்டது. அசல் கிடைக்கவில்லை. சுற்றளவு சரியாக இருந்த வேறொன்றைப் போட்டேன். சற்று உயரம்தான். தட்டாமல் ஓடியது, நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பின் மறந்தும் போனேன். இப்போது அவர் ஸ்கேலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"சார், அதைப் போட்டது நான்தான். வேற வண்டிப் பிஸ்டன். உங்ககிட்ட சொல்லலை."

நிமிர்ந்து பார்த்தார். திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"எந்த வண்டியோடது?"

"ஒரு டெலிவரி வேன்."

"வேன்ல ஏன் இவ்வளவு உயரமா வெச்சான்?"

அவ்வளவுதான். திட்டியிருந்தால் ஒரு டீயோடு மறந்திருப்பேன். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை.

பிஸ்டனைக் கழற்றினேன். அதன் தலையின் கனத்தை இருவருமாக மூன்று தடவை அளந்தோம். ஏழு மில்லி இருந்தது, ஒன்றரை போனாலும் தாங்கும். லேத்தில் மாட்டி, முடி முடியாக நானே சீவினேன். வேறு யார் கையையும் அதில் வைக்க விடவில்லை. மறுபடி மெழுகு வைத்தோம், நாலுக்கும். நாலும் ஒரே கனம்.

இருபத்தெட்டாம் தேதி காலை மலைக்குப் போனோம். அவர் ஓட்டினார், அக்கா பெட்டியோடு பக்கத்தில், நான் ஸ்பானரோடு பின்னால். எப்போதும் இரண்டாம் கியரில் தவழ்கிற ஏற்றத்தைக் கார் மூன்றாம் கியரில் ஏறியது. கடைசி வளைவில் எஞ்சினுக்குள் கிணுகிணுவென்று ஒரு சத்தம்.

"ஏங்க, தகர டப்பாவுல ஆணியைக் குலுக்கற மாதிரி கேக்குது."

பெட்ரோலைப் பற்றவைக்கிற கரண்ட் கொஞ்சம் முந்தி அடிக்கிறது. திருகிச் சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். ஆனால் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அக்கா கணக்கில் அது நின்றதுதான்.

"காலை லேசா எடுங்க சார். லேசா!"

எடுத்தார். சத்தம் அடங்கியது. வேகம் குறைந்தது, குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. வளைவைத் தாண்டி ஆஸ்பத்திரி கேட்டுக்குள் போய்த்தான் நின்றது.

பெட்டியை உள்ளே கொடுத்துவிட்டு அவர்கள் வருவதற்குள் நான் அந்தக் கரண்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரை நூலளவு திருப்பிவைத்தேன். அக்கா கைப்பேசியைக் காதில் வைத்தபடியே வந்தார். "ஆமாங்க, வர வேணாம். இல்லைங்க, வேற யாருக்கும் கொடுக்கலை. எங்ககிட்டயேதான் இருக்கும்."

வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். "தள்ளி உக்காருங்க. இறங்கும்போது நான் ஓட்டறேன்."

அவர் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். நான் பின்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். நாலும் ஒரே மாதிரி ஓடின.