பெரியம்மா தழை பறிக்கப் போயிருந்த காலை

ஐந்தாம் வகுப்பில் எனக்கு வாய் நீளம். உண்மை பேசுகிறவள் என்ற பெருமை அதைவிட நீளம். அந்தப் பெருமையோடுதான், அப்பா மருந்துச் சீட்டோடு அலைந்துகொண்டிருக்க, தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் பெரியப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன்.

பெரியப்பா இண்டூர்ப் பக்கம் முப்பது வருடம் பட்டுப்பூச்சி வளர்த்தவர். நினைவு கழன்றுகொண்டே வந்த சமயத்தில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. டிரிப்ஸில் மருந்து இறங்கினால்தான் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரோ கையைத் தொடவே விடவில்லை. வரிசையாகக் கிடந்த கட்டில்கள் அவருக்குப் பூச்சித் தட்டுகள். மேலே மின்விசிறி சரசரக்க, பூச்சிகள் தழை தின்கின்றன என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பச்சைத் திரையில் வெயில் வடிந்து வார்டே மல்பெரித் தோட்டத்து நிழலாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

நர்ஸக்கா ஊசியோடு வந்தார். "செருப்போட கொட்டாய்க்குள்ள வராதம்மா. பூ வாசனயும் ஆவாது, பூச்சிக்கு நோவு வந்துரும்" என்று பெரியப்பா கையை இழுத்துக்கொண்டார். நர்ஸக்கா சிரிக்கவில்லை. வெளியே போய்ச் செருப்பை விட்டு, தலையிலிருந்த மல்லிகையை எடுத்து வைத்து, கால் கழுவி ஈரத்தோடு வந்து நின்றார்.

"இப்ப வரலாங்களாய்யா?"

பெரியப்பா கையை நீட்டிவிட்டார். ஊசி ஏறியதும், "எங்க வூட்டுக்காரி எங்கம்மா?" என்று கேட்டார்.

"தழை பறிக்கப் போயிருக்காங்க. வந்துருவாங்க."

பெரியம்மா செத்து மூன்று வருடம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நர்ஸக்கா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் பெரியப்பா என்னிடம் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். "எப்ப? எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்று விம்மியவர் ஊசியைப் பிடுங்கப் போனார். நர்ஸக்கா ஓடிவந்து கையைப் பிடித்து, எத்தனை தட்டுப் பூச்சி, தழை போதுமா என்று பேச்சுக் கொடுக்க, பத்து நிமிடத்தில் அழுகை நின்றது. மறுபடி என்னிடம் கேட்டார். மறுபடி சொன்னேன். மூன்றாவது முறையும் அதேதான்.

நர்ஸக்கா என் கையில் பிளாஸ்க்கைத் திணித்தார். "கண்ணு, கீழ போயி வெந்நி வாங்கிட்டு வா. மெதுவா வந்தாப் போதும்." பொறுப்பான பிள்ளை என்றுதான் என்னை அனுப்புகிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது மருந்து முழுக்க இறங்கியிருந்தது. பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் நான்காவது முறை சொல்வதற்காகப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வாய்ப்பாடு போலத்தானே, இன்னும் ஒரு தரம் சொன்னால் மனதில் நின்றுவிடும் என்று நம்பினேன். ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பெரியம்மா அப்போதுதான் செத்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.