அண்ணை ஆமியில் இருந்த கதை

எங்கள் தெருவில் படிவம் நிரப்புகிறவன் நான். இதற்கு எனக்குள்ள தகுதி, என் வீட்டில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. அதில் மையும் இருக்கிறது. கனடாவின் பிரெஞ்சு பேசும் பக்கத்தில் இருக்கும் எங்கள் பியர்பொன்ட்ஸில் இந்த இரண்டும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற தமிழர்கள் குறைவு. கடவுச்சீட்டு, ஸ்பொன்சர், ஓய்வூதியம் என்று இருபது வருடங்களுக்கு மேலாக மற்றவர்களுடைய வாழ்க்கையைக் கட்டம் கட்டமாக நிரப்பி வருகிறேன். என்னுடைய வருமான வரியை மட்டும் வேறோர் ஆளிடம் கொடுத்துச் செய்விக்கிறேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒருநாள் நான்கு வீடு தள்ளியிருக்கும் அண்ணை வந்தார். மன்னார்க் கத்தோலிக்கர். எழுபதைத் தாண்டியவர். துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் காலமெல்லாம் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றவர். சில விஷயங்களை இப்போதே ஒழுங்குபடுத்தி வைப்பது நல்லது என்று இருதய வைத்தியர் அவரிடம் சொல்லியிருந்தார். வேறு யாராவது என்றால் உயில் எழுதப் போவார்கள். அண்ணை ஒரு பிளாஸ்டிக் பையோடு என்னிடம் வந்து, கதவைச் சாத்தச் சொன்னார்.

"தம்பி, நான் ஆமியிலை இருந்தனான்."

சாத்திய கதவைப் பூட்டினேன்.

எங்கள் பேச்சில் ஆமி என்றால் ஒரே ராணுவம்தான், ஊரில் இருந்தது. அதற்குப் பயந்துதான் நாங்கள் எல்லோரும் இவ்வளவு குளிரான ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

"எந்த ஆமி அண்ணை?"

"கனடா ஆமி. ரிசேர்வ். சிற்றிசன் கிடைச்ச கையோடை சேர்ந்தனான். சனி ஞாயிறிலை."

"துவக்கு சுட்டனீங்களோ?"

"சுட்டனான். பலகையிலை. படேல்லை. பேந்து குசினிக்குப் போட்டிட்டாங்கள்."

மூன்று வருடம் உருளைக்கிழங்கு உரித்திருக்கிறார். களஞ்சியத்தில் வேலை நேரம் மாறியதும் விலகியிருக்கிறார். பையில் இருந்த காகிதம் அவர் கௌரவமாக விடுவிக்கப்பட்டார் என்று சொன்னது. இவ்வளவும் அவருடைய மனைவிக்கு, எங்களுக்கெல்லாம் அக்காவுக்கு, தெரியாது. பிரெஞ்சு வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அண்ணை வாராவாரம் வீட்டை விட்டு இறங்கியிருக்கிறார். அக்காவின் தம்பியை ஊரில் ஆமி ஏற்றிக்கொண்டு போனது. அவன் திரும்பி வரவில்லை. ஆமி என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

அண்ணைக்கு வேண்டியது ஒன்றுதான். எங்கள் மேற்குப் பக்கத்தில் படைவீரர்களை அடக்கம் செய்யும் மயானம் ஒன்று இருக்கிறது. தன்னோடு கிழங்கு உரித்த ஒருவரின் அடக்கத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறார்.

"எல்லாருக்கும் ஒரே அளவுக் கல்லு தம்பி. பெரியவனுக்கும் அதுதான், குசினிக்காரனுக்கும் அதுதான். பெஞ்சாதிக்கும் பக்கத்திலை இடம் குடுப்பினம். அவளும் நானும் அங்கைதான் கிடக்கவேணும்."

"அவ சம்மதிப்பாவோ?"

"முதல்லை என்னை ஆமிக்காரன் எண்டு கனடா ஒத்துக்கொள்ளட்டும். பேந்து அவளிட்டைக் கேப்பம்."

அவருடைய சந்தேகமும் நியாயமானது. போருக்கே போகாத ஒருவர் எப்படிப் படைவீரர் ஆவார்? இந்த வகைக் கேள்விகளில் நான் நிபுணன் என்பதால் இணையத்தில் தேடிப் பார்த்தேன். அடிப்படைப் பயிற்சியை முடித்து, கௌரவமாக விடுவிக்கப்பட்டவர் எவரும் கனடாவின் கணக்கில் படைவீரர்தானாம். குண்டு பட்டிருக்க வேண்டியதில்லை. சுட்டது பலகையில் பட்டிருக்க வேண்டும் என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. ஆனால் அடக்கச் செலவுக்கான உதவி வேறு விஷயம். வசதி குறைந்தவராக இருக்க வேண்டும், அல்லது சேவையால் வந்த நோயால் இறக்க வேண்டும்.

"கொலஸ்ட்ரோல் குசினியிலைதான் வந்தது எண்டு எழுதேலாதோ? விடியக்காலமை ஒவ்வொரு நாளும் பன்றி இறைச்சி."

"மூண்டு வருசச் சனி ஞாயிறுக்கு எழுதேலாது அண்ணை."

சிரித்தார். இடத்துக்கும் உதவிக்கும் சேர்த்தே விண்ணப்பித்தோம். சான்றிதழைப் பிரதி எடுத்து இணைத்தேன். அண்ணை கையெழுத்து வைத்தார். தபாலிலும் நானே போட்டேன். செய்த வேலையில் ஒரு நிறைவு.

மூன்று கிழமை கழித்து அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, உடனை இஞ்சை வாரும்."

அண்ணையும் நானும் ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த வீட்டுக்கு வரும் கடிதங்களைத் திறப்பவர் அக்கா. இருபது வருடம் கார்தெரியில், அதாவது பிரெஞ்சுக் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளை பார்த்தவர். பிரெஞ்சு வகுப்புக்கு ஒருநாளும் போகாமலே அண்ணையைவிட நன்றாகப் பிரெஞ்சு வாசிப்பார்.

குசினி மேசையில் கடிதம் விரிந்து கிடந்தது. அண்ணை அதற்கு எதிரே, ஆஸ்பத்திரியில் முறை வருவதற்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். அக்கா எனக்காகத் தமிழில் வாசித்தார். நீங்கள் எந்தப் படையிலும் ஒருபோதும் சேவை செய்யவில்லை என்று அறிவித்திருக்கிறீர்கள், நீங்கள் இணைத்துள்ள சான்றிதழோ சேவை செய்ததாகச் சொல்கிறது, தயவுசெய்து விளக்கவும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிழை என்னுடையது. எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்வி வரும். ராணுவத்தில், ஆயுதக் குழுவில், காவல்துறையில் இருந்ததுண்டா? அகதி விண்ணப்பத்தில் தொடங்கி ஓர் ஆயிரம் தடவையாவது "இல்லை" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டிருப்பேன். என் கை அந்தக் கேள்வியை வாசிப்பதில்லை. தானாகவே போய் "இல்லை"யில் நிற்கும். ஆமியில் இருந்தேன் என்று நிறுவுவதற்காகவே நிரப்பிய படிவத்திலும் அங்கேதான் போய் நின்றிருக்கிறது. கீழே கையெழுத்து வைத்த அண்ணையும் அதில் ஒரு குறையும் காணவில்லை.

"ரெண்டு பேருமாச் சேந்து நல்லாத்தான் எழுதியிருக்கிறியள்," என்றார் அக்கா. பிறகு அண்ணையிடம் திரும்பினார். "அப்ப அந்தப் பிரெஞ்சு வகுப்பு?"

அண்ணை கடிதத்தின் ஓரத்தை நீவினார்.

"நானும் யோசிச்சனான். மூண்டு வருசம் படிச்ச மனிசனுக்கு ஒரு பாண் கேட்டு வாங்கத் தெரியேல்லை."

"இஞ்சேரும், இது அந்த ஆமி இல்லை."

"ஆமிக்குப் பயந்து கடல் தாண்டி வந்தது, கடைசியிலை ஆமிக்காரருக்கு நடுவிலை கிடக்கிறதுக்கே?"

"கிழங்குதான் உரிச்சனான்."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் என்னோடை கதைப்பீரோ?"

அக்கா யோசித்தார். "மாட்டன்," என்றார்.

விளக்கம் சொல்வதற்குக் கடிதத்தில் ஓர் எண் இருந்தது. குற்றவாளி என்ற முறையில் நானே அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்தேன். ஒரு பெண் அதிகாரி எடுத்தார். என் கையின் பழக்கத்தை விளக்கினேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, விண்ணப்பதாரர் தானே வாயால் சொல்ல வேண்டும் என்றார். ஐயா, நீங்கள் கனடாப் படையில் சேவை செய்தீர்களா?

அண்ணை அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தார்.

"ஓம்," என்றார் அண்ணை. பிறகு நினைவு வந்து, "வுய்," என்றார்.

அதிகாரி தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பதிவில் பெயர் இருக்கிறது, அண்ணை படைவீரர்தான். வீடும் சேமிப்பும் இருப்பதால் செலவுக்கு உதவி கிடைக்காது. இடம் உண்டு. மனைவிக்கும் பக்கத்தில் ஒதுக்குவதா?

அண்ணை மறுபடியும் அக்காவைப் பார்த்தார். நான் தலையிடவில்லை, அன்றைக்கு என்னுடைய உதவி போதுமான அளவு நடந்திருந்தது.

அக்கா கதிரையை இழுத்துத் தொலைபேசிக்குக் கிட்டப் போட்டு உட்கார்ந்தார். பிரெஞ்சில் கேட்டார்: என்னுடைய கல்லில் ஆமி என்று ஏதாவது எழுதுவீர்களா?

இல்லை அம்மா, அது அவருடைய கல்லில் மட்டும். உங்களுடையதில் பெயரும் வருடங்களும்தான்.

"என்ன சொல்லுறா?" என்று அண்ணை என் காதுக்குள் கேட்டார்.

"பேசாமல் இருங்கோ," என்றார் அக்கா. "உங்கடை மூண்டு வருசப் பிரெஞ்சுக்கு இது விளங்காது."

பிறகு தொலைபேசியை நோக்கிக் குனிந்து தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். அதிகாரி திருப்பி வாசித்தபோது ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அக்கா பொறுமையாக முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.