அட்டை இல்லாத புத்தகம்

பதினாறு வயதில் நான் ஒரு பெரிய பொய் சொன்னேன். அதற்காக இன்றுவரை எனக்கு அவ்வளவாக வெட்கமும் வரவில்லை. ஆனால் அந்தப் பொய்யால் என் இரண்டு சிநேகிதிகளும் கையை விட்டுப் போய்விடுவார்களோ என்று பயந்தேனே, அந்தப் பயம் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்குக்கூட வரவில்லை.

நாங்கள் மூன்று பேர். கண்டியில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, உட்காருவதும் ஒரே வாங்கு. ஒருத்தியை மடவளைக்காரி என்றும் மற்றவளை அம்பிட்டியக்காரி என்றும் சொல்கிறேன். பெயரைப் போட்டால் இரண்டு பேரும் என்னைச் சும்மா விடமாட்டார்கள். மடவளைக்காரியின் வாப்பாவுக்குத் துணிக்கடை. அவளுடைய ராத்தா, அதாவது அக்கா, வாசித்து முடிக்கும் நாவல்கள் எல்லாம் இவள் கைக்கு வரும். அம்பிட்டியக்காரியின் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அவள் வீட்டில் கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம். நான் மஹய்யாவக்காரி, அப்பா ஆட்டோ ஓட்டினார். எங்கள் வீட்டில் அச்சடித்தது என்று பார்த்தால் என் பாடப் புத்தகங்கள், ஒரு தேவாரப் புத்தகம், சுவரில் ஒரு நாட்காட்டி, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துக்குள் போன் கூடாது என்பதால் தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினோம். ஆளுக்கு மூன்று நாள் என்று அது எங்களுக்குள் சுற்றும். பிடித்த வசனங்களை முன்பக்கத்திலிருந்தும், யாரும் அடிக்கடி சொல்லாத சொற்களைப் பின்பக்கத்திலிருந்தும் எழுத வேண்டும். சட்டம் போட்டவள் அம்பிட்டியக்காரி. வசனத்துக்குப் பக்கத்தில் புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் கட்டாயம். மற்றவள் இரவல் தந்த புத்தகத்திலிருந்து எடுத்தால் செல்லாது. பொய்யாக எழுதினால் எழுதியவற்றை எல்லாம் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு அந்த ஆளைக் கொப்பியிலிருந்து வெளியே அனுப்ப வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தைக் கேட்டு மடவளைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

சொற்களில் எனக்குக் கஷ்டமே இல்லை. அம்பிட்டியக்காரி 'அந்தரம்' என்று எழுதினாள். நெஞ்சு கிடந்து தவிப்பதற்கு அவள் அம்மா சொல்லும் சொல் அது. மடவளைக்காரி 'பசிந்து' என்று எழுதினாள், அழகு என்று அர்த்தம். நான் 'கவ்வாத்து' என்று எழுதினேன். தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிடும் வேலைக்குத் தோட்டத்தில் அந்தப் பெயர். எங்கள் வீட்டில், தலைமுடியைக் கண்டபடி வெட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கும் அதே பெயர்தான். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் யாரும் முடி வெட்டிக்கொண்டதே இல்லை, எல்லோருக்கும் கவ்வாத்துத்தான்.

வசனத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூட நூலகத்தில் இருந்த கதைகளை அவர்கள் இருவரும் ஏழாம் வகுப்பிலேயே முடித்திருந்தார்கள்; அதிலிருந்து எடுத்து எழுத எனக்குக் கூச்சம். கொப்பி என்னிடம் வந்த இரண்டாவது நாள், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நானே ஒன்றை எழுதினேன்: "இரண்டாவது தேத்தண்ணியை வேண்டாம் என்கிறவர்கள் முதலாவதையும் நம்பிக் குடிக்கவில்லை." பக்கத்தில், 'அட்டை இல்லாத புத்தகம், பக்கம் 17' என்று போட்டேன். எங்கள் கைக்கு வரும் பழைய புத்தகங்களில் பாதிக்கு அட்டை இருக்காது. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை.

"எங்க இருக்கு இந்தப் புத்தகம்?" என்று கேட்டாள் அம்பிட்டியக்காரி.

"தோட்டத்துல எங்க சித்தி வீட்டுல. வெளிய தரமாட்டாங்க. போறப்ப பாத்து எழுதிக்கிட்டு வருவேன்."

பொய் சொல்வது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை, "மழை வரும்போது குடையை மடக்குகிறவள் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை" என்று எழுதினேன், பக்கம் 112. அதை வாசித்துவிட்டு மூன்று பேரும் கொட்டும் மழையில் குடையை மடக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை நடந்தோம். நனைந்த சீருடையோடு போய் மூன்று வீட்டிலும் ஏச்சு வாங்கினோம். பிறகு பக்கம் 203 வந்தது: "நான் செத்தால் என் செருப்பைக் கழற்றாதீர்கள், பாதி வழியில் இறங்கி நடந்துவிடுவேன்." மடவளைக்காரி அதைப் பத்துத் தடவை வாசித்துவிட்டு அழுதாள். எட்டு வசனம் இப்படி ஏறிவிட்டது. கொப்பியில் இருந்த மற்ற எல்லாப் புத்தகங்களையும்விட என் புத்தகம்தான் அவர்களுக்குப் பிடித்தது. எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஒரு சனிக்கிழமை அவர்கள் அதைத் தேடிப் புறப்பட்டார்கள். டவுனில் ஒரு பழைய புத்தகக் கடை. கடைக்கார அண்ணனிடம் அட்டை இல்லாத புத்தகம் என்று சொல்லி, அம்பிட்டியக்காரி எட்டு வசனத்தையும் ஒப்பித்தாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஆமா தங்கச்சி, அது இருந்துச்சு. நல்ல கத. போன கெழமதான் ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போனாரு. நம்பர் குடுத்துட்டுப் போங்க, வந்தா சொல்றேன்."

அம்பிட்டியக்காரி தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். ஒரு நிமிடம், உண்மையிலேயே அப்படி ஒரு புத்தகம் இருக்கிறதோ என்று நானே நம்பிவிட்டேன்.

பரீட்சை முடிந்தது. மடவளைக்காரியின் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். "எனக்கு வேற ஒண்டும் வாணாம்," என்றாள் என்னிடம், "அந்தப் புத்தகத்தப் பாத்து எழுதித் தா. அவ எப்படி மவுத்தாகினா எண்டு தெரியாம எனக்குத் தூக்கம் வாறல்ல."

மறுக்க முடியுமா? இரண்டு வாரத்தில் இரண்டு கொப்பி எழுதினேன். பார்த்து எழுதியதுபோல ஓரத்தில் பக்க எண்களும் போட்டேன். எட்டு வசனமும் அந்தந்தப் பக்கத்தில் வந்தாக வேண்டும், அதுதான் பெரும் பாடு. 203இல் கதாநாயகி செத்துவிடுகிறாள். ஆனால் 240இல் "அவள் சிரித்தபோது பக்கத்து வீட்டு நாயும் வாலாட்டியது" என்று நான் எப்போதோ எழுதித் தொலைத்திருந்தேன். செத்தவள் எப்படிச் சிரிப்பாள்? வேறு வழியில்லாமல் அவளுக்கு ஓர் இரட்டைச் சகோதரியை வரவழைத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சோதன முடிஞ்சும் எழுதிக்கிட்டே இருக்கியே, அங்க ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்டார்.

கொப்பிகளைக் கொடுத்த ஐந்தாம் நாள் வாவிக்கரைக்கு வரச்சொன்னார்கள். மடவளைக்காரியின் கண் வீங்கியிருந்தது. அம்பிட்டியக்காரி கரைச் சுவரில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் என் கொப்பி ஒன்றையும் சீ.ஆர். கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தாள். கையில் சிவப்புப் பேனை.

"இதைக் கேள்," என்று என் கொப்பியிலிருந்து வாசித்தாள். "அந்தப் பசிந்தான பெண் அந்தரப்பட்டுக்கொண்டே தன் கூந்தலைக் கவ்வாத்து வெட்டினாள்." நிமிர்ந்து பார்த்தாள். "இப்பிடித் தமிழ் கதைக்கிற ஆள் இந்த நாட்டில ஒருத்தரும் இல்லை. இந்த மூண்டு சொல்லும் ஒண்டா இருக்கிறது எங்கட கொப்பியில மட்டும்தான்."

அந்த வரியை எழுதிவிட்டு நானே எனக்கு ஒரு சபாஷ் போட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது.

"நீதானே எழுதினனி?"

"ஆமா."

"ஏன்?"

"எங்க வீட்டுல புத்தகமே இல்லடி. கொப்பி என்கிட்ட வர்ற மூணு நாளும் எழுதுறதுக்கு ஒண்ணும் இருக்காது. உங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவு இருக்கு." அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று நிறுத்திக்கொண்டேன்.

மடவளைக்காரி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அவ மவுத்தாகலயா?"

"அவ இல்லவே இல்லடி."

"நான் மூணு நாள் சோறு திங்காம அழுத."

அம்பிட்டியக்காரி பேனையின் மூடியைக் கழற்றினாள். சட்டம் அவளுடையது. சட்டத்தை அவள் மீறி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பக்கம் 17 என்ற வரிக்கு மேல் பேனை முனை நின்றது.

அப்போது அவளுடைய போன் அடித்தது. கொப்பி மடியில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, நீங்க தேடுன புத்தகம் வந்திருக்கு. அட்ட இல்ல. நீங்க சொன்ன மாதிரியேதான்."

முதலில் வெடித்துச் சிரித்தவள் மடவளைக்காரி. சுவரிலிருந்து வாவிக்குள் விழப் போனவளை நான் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அம்பிட்டியக்காரி உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, மூக்கால் ஒரு சத்தம் வந்தது, பிறகு அவளும் சிரித்துவிட்டாள். பக்கத்தில் கடலை தின்றுகொண்டிருந்த ஜோடி எழுந்து வேறு இடத்துக்குப் போனது.

ஓடினோம். கடைக்கார அண்ணன் இரண்டு கையாலும் நீட்டினார். அட்டையும் இல்லை, முதல் ஆறு பக்கமும் இல்லை. கோழி வளர்ப்பைப் பற்றிய புத்தகம். அம்பிட்டியக்காரி முகத்தை இறுக்கிக்கொண்டு பக்கம் 112ஐப் புரட்டி, அடைகாக்கும் கோழியைக் காரணமின்றித் தொந்தரவு செய்யக் கூடாது என்று சத்தமாக வாசித்தாள். மடவளைக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது இல்லையா?" அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப எழுதுனவரு பேரச் சொல்லுங்க. கொழும்புல சொல்லி எடுத்துத் தாறேன்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. நான் தரையைப் பார்த்தேன். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டே எங்கள் உயிரை வாங்குகிறவள் என் பக்கம் திரும்பியது தெரிந்தது.

"எழுதினது இவதான்," என்றாள் அம்பிட்டியக்காரி.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போன வாரம்தான் விற்றேன் என்று தானே சொன்ன புத்தகத்தின் ஆசிரியை இப்படி ஒற்றைப் பின்னலோடு எதிரில் நிற்பது அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. "அப்படியா தங்கச்சி? அஞ்சாறு பிரதி போட்டுத் தாங்க, வித்துத் தாறேன்."

"இப்ப ஏலாது," என்றாள் மடவளைக்காரி, தரையில் இருந்தபடியே. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். "மொதல்ல அவள உசுரோட கொண்டு வா."

"கொண்டு வாறேன்," என்றேன். அன்று இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக்கொள்ள எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. கை வரவில்லை, கோழிப் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் நாட்காட்டிக்குக் கீழே நான் நிறுத்தி வைத்த முதல் புத்தகம் அதுதான்.