மிளகுக் கோடும் தயிர்ச் சட்டியும்

சைகோனில் கான் ஹொய் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மிளகு மண்டியில் அப்போது நான் குமாஸ்தா. முதலாளியும் என்னைப் போலக் காரைக்கால்காரர். தினமும் சந்தை விலையைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைப்பேன். விலை ஒரு வதந்திக்கு ஏறும், இன்னொன்றுக்கு இறங்கும். அந்தத் துள்ளலை அடக்க, கடைசிப் பத்து நாள் விலையைக் கூட்டி, பத்தால் வகுத்துக் கோடு இழுப்பேன். வழவழவென்று அழகான கோடு. எனக்கு அதில் கர்வம்கூட உண்டு.

ஆனால் கோடு கீழே வளைவதற்குள் விலை விழுந்து நாளாகியிருக்கும். அதை நம்பிச் சரக்கை வைத்திருந்த முதலாளிக்கு நஷ்டம். இரண்டாவது தடவையும் அப்படி ஆனதும் அவர் கொதித்துப்போனார்.

“ஒன் கோடு நேத்துப் பேஞ்ச மழைக்கு இன்னிக்குக் கொடை பிடிக்குதுப்பா. இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா, நீ பழையபடி கெடங்குல மூட்டை எண்ணப் போயிடு.”

மிளகுத் தூசியில் மூன்று வருடம் தும்மிவிட்டு மேசைக்கு வந்தவன் நான். வீட்டில் மனைவியிடம் புலம்பித் தீர்த்தேன். அவள் பால்மாவைக் கரைத்துக் காய்ச்சி, தயிருக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“நானென்ன பத்து நாள் தயிரையுமா எடுத்து வச்சிருக்கேன்? நேத்துத் தயிரு ஒரு கரண்டி. அதுலயே முந்தாநாளுதும் இருக்குல்ல?” என்றாள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நேற்றைய கோட்டிலேயே எல்லா நாளும் இருக்கிறதே! அதற்கும் இன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கை மட்டும் நேற்றைய புள்ளியோடு சேர்த்தால் போதும். பாதியைச் சேர்த்தேன், கோடு விலையோடு சேர்ந்து குதித்தது. கால் பங்காகக் குறைத்தேன், அடங்கியது. பழைய தாள்களில் போட்டுப் பார்த்தால், பத்து நாள் கோட்டுக்கு முன்பே இது திரும்பியிருந்தது. சந்தோஷத்தில் அடுப்படியிலேயே ஆடினேன்.

சில வாரங்களில் புதுக் கோடு கீழே வளைந்தது. தாளோடு முதலாளியிடம் ஓடி, சரக்கை இப்போதே விற்றுவிடலாம் என்றேன்.

“இத யாருப்பா சொல்லிக் குடுத்தா?”

பெண்டாட்டி என்று சொல்ல வாய் வரவில்லை. “பிரெஞ்சுப் பொஸ்தகத்துல இருக்கு முதலாளி.”

“நாளைக்குக் கொண்டா. பாத்துட்டு விக்கிறேன். பொஸ்தகம் வரலேன்னா கெடங்குதான்.”

அன்று மாலை மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுநாள் மதியம் சாப்பாட்டோடு அவளே மண்டிக்கு வந்து, முதலாளியின் மேசைமேல் தயிர்ச் சட்டியை வைத்தாள்.

“இதாங்க அந்தப் பொஸ்தகம்” என்று நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். தயிர் ஊற்றி இரண்டு தரம் சோறு சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து கோட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு சரக்கை விற்கச் சொல்லி ஆளனுப்பினார்.

அந்த வாரமே விலை சரிந்தது. கிடங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. முதலாளி கழுவிய சட்டியைத் தானே எடுத்துவந்து என் மேசையில் வைத்தார்.

“அடுத்த பக்கம் நாளைக்கு வருமான்னு வீட்ல கேட்டுட்டு வாப்பா.”