கொதிக்க வைக்கச் சொன்னது நான்தான்

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஆய்வகம் போதும். அதைக் கொண்டுபோய் ஜனங்களிடம் சொல்கிறவளுக்குத் தொண்டை வேண்டும், தோல் தடித்திருக்க வேண்டும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் யாரிடமாவது சர்க்கரையைக் குறையுங்கள் என்று சொல்லித் தோற்றவரா நீங்கள்? என் கஷ்டம் உங்களுக்குப் பாதி புரிந்துவிட்டது.

பகலில் சும்மா இருப்பவள்

சேலத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் வேதியியல் பேராசிரியர். அவருடைய குழு திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு ஊரில் போர்வெல் தண்ணீரைச் சோதித்தது. (ஊர்ப் பெயரை எழுதக்கூடாதாம். பெண் எடுக்க ஆள் வரமாட்டார்களாம்.) தண்ணீரில் ஃப்ளூரைடு அளவுக்கு மேல். குடித்து வளர்கிற பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பிடிக்கும்.

இதை அந்த ஊருக்கே போய்ச் சொல்ல அவர்கள் யாருக்கும் நேரமில்லை. கான்வென்ட்டில் படித்தவள், இங்கிலீஷ் அறிக்கையைத் தமிழில் சொல்லிவிடுவாள், பகலில் சும்மாதானே இருக்கிறாள் என்று என்னைப் பிடித்தார். அந்த ‘சும்மா’வுக்காகவே ஒப்புக்கொண்டேன். கிளம்பும்போது என் கணவர் சொன்னார்: “போறது சரி. அங்கயாவது கொஞ்சம் பொறுமையாப் பேசு.”

நன்றாக நுரைக்கிற தண்ணீர்

சமுதாயக் கூடத்தில் மகளிர் குழுக் கூட்டம். இருபது பெண்கள். போர் தண்ணீரில் துவையுங்கள், குழாயில் வருகிற காவிரித் தண்ணீரைக் குடியுங்கள் என்றேன். ஊரே நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தது. குழாய்த் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும், பிளீச்சிங் வாடை அடிக்கும், ஆனால் சோப்பு நன்றாக நுரைக்கும்; ஆகவே அது துணிக்கு. போர் தண்ணீர் மோட்டார் போட்டதும் கொட்டுகிற புதுத் தண்ணீர். ஆகவே அது வாய்க்கு. யோசிக்காமல் செய்ததென்றால் திருத்திவிடலாம். இது யோசித்துச் செய்த ஏற்பாடு.

குழுத் தலைவி ருக்மணியம்மாள் வீட்டுப் போரில்தான் பாதித் தெரு தண்ணீர் பிடிக்கிறது. அடியிலிருக்கிற பாறையிலிருந்துதான் ஃப்ளூரைடு கரைந்து வருகிறது என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்: “ஏனுங்க, ஆயிரம் அடிக்குக் கீழ பாறையப் பொளந்துக்கிட்டு வர்ற தண்ணீங்க இது. அங்க போயி எவன் அழுக்குப் பண்ணுவான்?”

நான்கு மணி பஸ்

எழுந்து பையை மாட்டுகிற நேரத்தில் செல்வி வந்து நின்றாள். தறியில் வேலை. மகள் தாரணிக்கு ஆறு வயது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற பருவம். “கொதிக்க வெச்சாச் செரியாயிருமுங்களாக்கா?” என்றாள். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. கொதிக்க வைப்பது எதற்கும் நல்லதுதானே? “வைங்க, வைங்க” என்று கூடத்துக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டே ஓடினேன்.

கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். அறிக்கையில் இது தனிப் பக்கமாகவே இருந்தது. நீளமாக இருக்கிறதே என்று நான் புரட்டிவிட்ட பக்கம். பத்து நாள் கழித்து அடுத்த கூட்டத்துக்குப் போனபோது, செல்வி வாசலிலேயே பெருமையாகச் சொன்னாள்: “பாதியாச் சுண்ட வெச்சுத்தானுங்க்கா பாப்பாவுக்குக் குடுக்கறேன். கேஸு போனாப் போவுது, பல்லு முக்கியமில்லீங்களா?”

எழுந்து நின்று

பேராசிரியருக்குப் போன் போட்டேன். பத்து நாளில் ஒன்றும் ஆகாது, உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்றவர், ஒரு யோசனையும் சொன்னார்: தப்பு என்று சொல்லாதீர்கள், புதுத் தகவல் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அப்புறம் நம்பமாட்டார்கள்.

தப்பு செய்தால் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று கான்வென்ட் சிஸ்டர்கள் எங்களைப் பழக்கிவிட்டார்கள். நின்றேன். “போன தடவை நான் சொன்னது தப்பு. கொதிக்க வைக்காதீங்க, அது இன்னும் கெடுதல்” என்றேன். செல்வி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. ருக்மணியம்மாள் மட்டும் நிதானமாகக் கேட்டார்: “அன்னைக்கும் இதே சத்தத்துலதானுங்க சொன்னீங்க. இன்னைக்குச் சொல்றது செரின்னு எதை வெச்சுங்க நம்பறது?”

மூன்று குப்பி

நியாயமான கேள்வி. பதிலாக என்னிடம் இருந்தது பேராசிரியர் கொடுத்தனுப்பி, பையிலேயே கிடந்த தண்ணீர்ச் சோதனைப் பெட்டி மட்டும்தான். நான் தொட்டால் நம்பமாட்டார்கள் என்று செல்வி கையிலேயே கொடுத்தேன். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், அவள் வீட்டிலிருந்து எடுத்துவந்த, சுண்டவைத்த தண்ணீர். மருந்தை விட்டால் நல்ல தண்ணீர் இளஞ்சிவப்பாக நிற்கும். ஃப்ளூரைடு கூடக்கூட மஞ்சளாகும். முதல் குப்பி சிவந்தது. இரண்டாவது வெளிறி மஞ்சள் கட்டியது. மூன்றாவது, மஞ்சள்தூளைக் கரைத்த மாதிரி.

செல்வி எழுந்தாள். வீட்டுக்குப் போய், போர் தண்ணீர் நிரப்பியிருந்த அண்டாவைக் கவிழ்த்தாள். பின்னாலேயே நானும் போனேன். அவள் கணவர், குழாய்த் தண்ணீரில் காபி சப்பென்று இருக்குமே என்று இழுத்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை: “உங்களுக்குப் பல்லெல்லாம் முளைச்சு முடிஞ்சுதுங்க. புடிக்கலீன்னா காபி குடிக்காதீங்க.”

மருந்து தீர்ந்தபோது

அதன் பிறகு அந்த ஊருக்கு நான் தேவைப்படவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு செல்வியே தெருத்தெருவாகப் போனாள். மருந்து தீர்ந்ததும் வாங்கிப் போகச் சேலத்தில் என் வீட்டுக்கு வந்தாள், தாரணியையும் கூட்டிக்கொண்டு. புதிதாக வந்த முன்பல்லில் லேசாகக் கறை. அது எப்போதோ ஈறுக்குள் உருவாகிவிட்ட பல்; பின்னால் வரவேண்டியவை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கின்றன, அவற்றுக்குத்தான் இந்தப் பாடெல்லாம் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அதெல்லாம் தெரியும் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, என் சமையலறைக் குழாயைப் பார்த்தாள். இந்தத் தண்ணீரைச் சோதித்தாயிற்றா என்றாள். டவுன் தண்ணீர்தானே, ஒன்றும் இருக்காது என்றேன்.

“பாக்காமயே எப்படிங்க்கா சொல்றீங்க? ஒரு டம்ளர் புடிச்சுக் குடுங்க.”

ஆராய்ச்சி மக்களைப் போய்ச் சேர்ந்ததா என்று இனி யாராவது கேட்டால், சேர்ந்தது மட்டுமில்லை, பஸ் ஏறி வந்து என் வீட்டிலேயே சோதனை போட்டது என்று சொல்லிவிடுவேன்.