ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனுக்கள்

துணி காயப்போடுவதற்கு முன்னால் மலர்விழி கயிற்றைத் துடைப்பாள். மந்தாரக்குப்பத்தில் எல்லாப் பெண்களும் துடைப்பார்கள்தான். ராத்திரி முழுக்கச் சுரங்கப் பக்கமிருந்து வருகிற கரித்தூள் கொடிக்கயிற்றில் படிந்திருக்கும். அப்படியே போட்டால் வெள்ளைச் சட்டையின் நடு முதுகில் கோடு விழும். மற்றவர்கள் ஈரத்துணியை ஒருமுறை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மலர்விழி துணியை நாலாய் மடித்து, கயிற்றை அதற்குள் விட்டு, விரலால் இறுக்கிப் பிடித்தபடி ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை நடப்பாள். பிரித்துப் பார்ப்பாள். கறுப்பாகக் கோடு தெரிந்தால் மடிப்பை மாற்றி மறுபடி நடப்பாள். கோடு விழாத மடிப்பு வரும்வரை வாளியில் இருக்கிற துணி காத்திருக்க வேண்டியதுதான். அந்த நடையில் அவள் வாய் சும்மா இருக்காது. முந்தைய நாள் சண்டையில் சொல்ல விட்டுப்போன பதில்களையெல்லாம் அங்கேதான் சொல்லி முடிப்பாள்.

"கயித்தத் துடைக்கிறியா, என் கழுத்த அறுக்கிறியா?" என்று ஒருநாள் மணிமாறன் பல் விளக்கிக்கொண்டே கேட்டான்.

"கயிறு திருப்பிப் பேசாதுய்யா. உன் கழுத்துன்னா பேசும்" என்றாள்.

மணிமாறன் அவள் புருஷன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரிப்போடும் கான்ட்ராக்ட் வேலை. சுரங்க வாசலில் தொழிற்சங்கம் நடத்துகிற கேட் மீட்டிங்கில் அவன் மைக்கைப் பிடித்தால் ஷிப்ட் பஸ் டிரைவர்கூட இறங்கி நின்று கேட்பார். அந்த வாய்க்காகத்தான் மலர்விழி அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். அப்போது அந்த வாய் அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

மலர்விழி வீட்டுக்கு ஒரே பெண். அப்பா போய்ச்சேருவதற்கு முன்னால் முந்திரித் தோப்பை, நடுவில் நிற்கிற பலாமரங்களோடு, அவள் பேருக்கே எழுதிவைத்தார். இப்போது அந்தத் தோப்பு சுரங்க விரிவாக்கத்துக்குப் போகிறது. நிலம் கொடுக்கிற குடும்பத்தில் ஒருவருக்கு வேலை; அதுவும் பர்மனென்ட் வேலை. ஒரே ஒருவருக்குத்தான். மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். மலர்விழி ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். சர்டிபிகேட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தவள். தன் பேர்தான் போகும் என்று அவள் நினைத்திருந்தாள். தன் பேர்தான் என்று மணிமாறனும் நினைத்திருந்தான். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் தணிந்த குரல் கேட்கவில்லை.

"பெல்ட்டுக்கடியில குனிஞ்சு குனிஞ்சு முதுகே போச்சுடி எனக்கு. பர்மனென்ட் ஆவறதுக்கு ஒரு வழி வந்திருக்குது, குறுக்க வந்து நிக்கிற."

"முதுகு உன்னுதுதான், நான் இல்லங்கல. நிலம் என்னுது."

"நிலம் உன்னுது. நீ யாரு வூட்டு ஆளு?"

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. அதை மறுநாள் கயிற்றிடம் சொன்னாள்.

முதுகு விஷயத்தில் அவன் பொய் சொல்லவில்லை. ராத்திரியில் அவன் புரண்டு படுக்கும்போது எழுகிற முனகலை அவள் கேட்டிருக்கிறாள். அதனாலேயே கோபம் கூடியது. பொய் சொல்கிறவனாக இருந்தால் வெறுப்பது எளிது.

இதற்கு நடுவில்தான் வழக்காடு மன்றம் வந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓர் இலக்கிய மன்றம் வருஷா வருஷம் அதை நடத்தும். சரித்திரத்திலிருந்து ஒரு வழக்கை எடுத்து மேடையில் இரண்டு வக்கீல், ஒரு நீதிபதி என்று வைத்து விசாரிப்பார்கள். இந்த வருஷம் தலைப்பு வைத்தவரும் நீதிபதியும் சங்கரலிங்கம். சுரங்க நிறுவனத்தின் சட்டப் பிரிவில் அதிகாரியாக இருந்து ரிட்டையர் ஆன திருநெல்வேலிக்காரர். அவர் எடுத்தது அமெரிக்க வழக்கு. ட்ரெட் ஸ்காட் என்கிற அடிமையை அவனுடைய எஜமானரான பட்டாளத்து டாக்டர், அடிமை முறை இல்லாத பகுதிகளுக்குக் கூட்டிப்போய் வருஷக்கணக்கில் வைத்திருந்தார். பிறகு அடிமை முறை உள்ள ஊருக்கே அவன் திரும்ப வர நேர்ந்தது. சுதந்திர மண்ணில் வாழ்ந்தவன் திரும்பி வந்தால் மறுபடி அடிமைதானா? விடுதலை கேட்டு அவன் கோர்ட்டுக்குப் போனான். 1857-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், நீ குடிமகனே இல்லை, வழக்குப் போடவே உனக்கு உரிமையில்லை, சட்டம் எஜமானின் சொத்தைத்தான் காக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டது.

அடிமைக்காகப் பேச ராஜ்மோகன் என்கிற தமிழாசிரியர். எஜமானுக்காக மணிமாறன்.

"கேட்ல நின்னு முதலாளியை ஏசுதவன் முதலாளிக்கே வக்கீலா வந்தா எப்படி இருக்கும்னு பாப்போமே" என்று சங்கரலிங்கம் சொன்னாராம். மணிமாறன் அதைப் பெருமையாக வந்து சொன்னான்.

அந்த வாரம் முழுக்க வீடு கோர்ட்டாக இருந்தது.

"கேளு மலரு." சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பிப்பான். "பண்ருட்டியில ஒரு பலாப்பழம் வாங்கினு பஸ்ஸுல வர்ற. நெய்வேலி எல்லை வந்ததும், இனிமே அது உன்னுது இல்லம்மான்னு கண்டக்டர் சொன்னா வுட்ருவியா? சரக்கு எந்த ஊருக்குப் போனாலும் சரக்குதான். எப்புடி பாயிண்ட்டு?"

"பலாப்பழம் பஸ்ஸவுட்டு எறங்கி கோர்ட்டுக்கு நடந்து போவுமாய்யா?"

அவன் கை நின்றது. அப்புறம் சிரித்தான். "இத அந்த வாத்தியாரு கேட்டாலும் கேப்பாரு. பதில் ரெடி பண்ணி வைக்கணும்."

அவள் கேட்டதை வாத்தியார் கேட்கப்போகிற கேள்வியாகத்தான் அவன் எடுத்துக்கொண்டான். தட்டைக் கழுவப் போட்டுவிட்டு எழுந்துபோனான்.

வழக்காடு மன்றம் நடந்த அன்றைக்கு மாலை அரங்கத்தில் நல்ல கூட்டம். ஷிப்ட் முடிந்து குளிக்காமல் வந்தவர்கள் பின்னால் நின்றார்கள். மலர்விழி பெண்கள் வரிசையில், பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாளோடு உட்கார்ந்தாள். ராஜ்மோகன் முதலில் பேசினார். மனிதம், மாண்பு, விடியல் என்று ஒவ்வொரு சொல்லாக மேடையில் பூப்போல வைத்தார். கூட்டம் மரியாதைக்குக் கை தட்டியது.

மணிமாறன் எழுந்தான். பலாப்பழத்தைச் சொன்னான், விசில் பறந்தது. "கனம் நீதிபதி அவர்களே, ஒருத்தன் சொத்த எடுக்கணும்னா சட்டப்படி எடு, ஈடு குடுத்து எடு. நம்ம ஊர்ல நிலம் எடுத்தா ஈடு கேக்குறோமா இல்லியா? எங்க கட்சிக்காரரு சொத்துக்கு மட்டும் ஈடும் கிடையாது, கேள்வியும் கிடையாதா?" கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு தட்டியது. "கடைசியா ஒண்ணு. கேஸ் போட வந்திருக்கிறவன் யாரு? ஒரு நாற்காலி எழுந்து வந்து, என் மேல உக்காராதேன்னு மனு குடுத்தா இந்த கோர்ட்டு வாங்கிக்குமா?"

ராஜ்மோகன் இப்போது எழுந்து கேட்பார் என்று மலர்விழி காத்திருந்தாள். எழுந்து வந்து பேசினால் அது எப்படி நாற்காலி? இந்த ஒரு வரி போதும். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்புக்கு முன்னால் பார்வையாளர் ஒருவர் ஒரு கேள்வி கேட்கலாம் என்பது மன்றத்து வழக்கம். சங்கரலிங்கம் கூட்டத்தைப் பார்த்தார். மலர்விழி எழுந்து நின்றாள். நாற்காலியைப் பற்றிக் கேட்கத்தான் எழுந்தாள். வாயில் வந்தது வேறு.

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருந்தாளா? அவ என்னா சொன்னா?"

"ஏம்மா, நல்ல கேள்விதான். வக்கீல் பதில் சொல்லட்டும்" என்றார் சங்கரலிங்கம்.

மணிமாறன் அவளைப் பார்த்தான். மைக்கைச் சரிசெய்தான். "புருஷனையே ஆளுன்னு கோர்ட்டு ஒத்துக்கலிங்க. அவன் ஜெயிச்சா அவளும் ஜெயிச்சா, தோத்தா அவளும் தோத்தா. பொண்டாட்டிக்கு எதுக்குங்க தனியா ஒரு வக்கீலு?"

அரங்கம் குலுங்கியது. கஸ்தூரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு யார் யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியும். அதனால் இன்னும் கொஞ்சம் சிரித்தாள். மலர்விழி உட்கார மறந்து நின்றாள். வாதத்திறமை மணிமாறனுடையது என்று தீர்ப்பாகி, பொன்னாடை போர்த்தினார்கள்.

வெளியே வண்டியை உதைத்துவிட்டு, தோளில் பொன்னாடையோடு அவன் கூப்பிட்டான். "ஏறுடி, நேரமாவுது."

"பலாப்பழம் பஸ்ஸுல வந்துக்கும். நீ போ."

"மேடைப் பேச்சுடி அது! வெளையாட்டுக்குப் பேசினத வூடு வரைக்கும் எடுத்துகினு வருவியா?"

"நீ வூட்டுலேர்ந்துதானய்யா மேடைக்கு எடுத்துகினு போன?"

மறுநாள் காலை அவள் துணி துவைக்கவில்லை. பெட்டியைத் திறந்து சர்டிபிகேட்டை எடுத்தாள், பத்திரத்தின் நகலை எடுத்தாள், நில அலுவலகத்துக்குப் போய்த் தன் பேரில் மனுக் கொடுத்தாள். வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டதற்கு, நிலம் அவர் பேரில் இல்லை என்று மட்டும் சொன்னாள். சேதி மணிமாறனுக்கு ஷிப்ட் பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் அவனும் குடும்பத் தலைவன் என்று போட்டு ஒரு மனுக் கொடுத்தான்.

சங்கரலிங்கம் சமாதானம் பேச வீட்டுக்கு வந்தார். மலர்விழி டீ வைத்தாள்.

"ஏம்மா, ஒரே வீட்டிலேர்ந்து ரெண்டு மனு போனா ரெண்டுமே கெடப்புல கெடக்கும், பாத்துக்கிடு. ரெண்டையும் சேத்து அவன் பேர்ல ஒண்ணாக்கிருவோம். அவனுக்குக் கெடச்சா உனக்குக் கெடச்ச மாதிரிதானே?"

"இத மேடையிலயே கேட்டுட்டேங்க. நல்லா கை தட்டினாங்க."

"பாத்தீங்களா சார்?" என்றான் மணிமாறன். "இதான் தினம். வூட்ட ரெண்டா ஆக்கிட்டா."

"ஒண்ணா இருந்துச்சுன்னு உனக்கு யாருய்யா சொன்னது?" அவள் சங்கரலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "சேக்காதீங்க சார். கெடப்புல கெடக்குதுன்னா கெடக்கட்டும். என்னுது தனியா கெடக்கட்டும்."

அவர் டீயைக் குடிக்காமல் எழுந்தார். செருப்பை மாட்டும்போது, "படிச்ச புள்ள, நிலைமையைப் புரிஞ்சுக்கிடணும்" என்றார். இரண்டு மனுக்களும் இன்றுவரை ஒரே அலுவலகத்தில் இருக்கின்றன. ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அவன் தட்டை அவனே கழுவிக்கொள்கிறான்.

அன்று அவள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் மேடையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்திருக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்து பழைய வழக்கு விவரங்களைத் தேடியபோதுதான் தெரியவந்தது. ட்ரெட் ஸ்காட்டுக்கு மனைவி இருந்தாள். பெயர் ஹேரியட். 1846 ஏப்ரலில், கணவன் மனுக் கொடுத்த அதே நாளில், அதே கோர்ட்டில், அவள் தன் பேரில் தனியாக ஒரு மனுக் கொடுத்திருந்தாள். நாலு வருஷம் கழித்து இரு தரப்பு வக்கீல்களும் பேசி, அவன் வழக்கை மட்டும் நடத்துவது, அதில் வருகிற தீர்ப்பே அவளுக்கும் என்று முடிவு செய்தார்கள்.